ஞாயிற்றுக்கிழமை யார் எறிவது

பத்துப் பேர் வட்டமாகக் குனிந்து டோபின் ஆஸ்க்யூவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாய் என்னவோ திறந்துதான் இருந்தது, வார்த்தைதான் வரவில்லை. நாடு முழுக்கச் சலித்து, இந்த வருஷம் முதல் ஆளாக டொலீடோ அமெரிக்கக் கால்பந்து அணி பொறுக்கியெடுத்த குவார்ட்டர்பேக் அவன், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். மைதானத்தின் பாதிக்கு அப்பால் ஓடுகிறவனின் நெஞ்சில் பந்தைக் கொண்டுபோய் வைப்பான். ஆனால் அடுத்த நகர்வில் யார் எந்தப் பக்கம் போவது என்று சக ஆட்டக்காரர்களிடம் உரக்கச் சொல்லச் சொன்னால் பாதியில் சிக்கிக்கொள்வான். குனிந்து நின்று அவனுக்குப் பந்தைப் பின்னால் தள்ளித் தருகிற காரிக் ப்ரூயிட்டுக்கு எரிச்சலைவிட ஆச்சரியம்தான் அதிகம். இவ்வளவு பெரிய கைக்காரனுக்கு அப்படி என்னதான் கோளாறு? பயிற்சி முடிந்ததும் கேட்டேவிட்டான்.

"ஏன் தம்பி, காலேஜ்ல எப்படித்தான் சொன்னே?"

"சொன்னதே இல்லண்ணே. கோச்சுங்க ஓரத்துல நின்னு அட்டையில படம் காட்டுவாங்க, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நகர்வு. பன்னி, டோஸ்டர், குடை. பாத்துட்டு அவங்கவங்க ஓட வேண்டியதுதான்."

"அடப்பாவி, பன்னியப் பாத்தா ஆடினீங்க?"

"பன்னி வந்தா நிச்சயம் டச்டவுன்ணே, முழுசா ஆறு பாயிண்ட்."

காரிக் வயிறு குலுங்கச் சிரித்தான். மறுநாள் கோச் லிண்ட்க்விஸ்ட் கூப்பிட்டு அனுப்பியபோது சிரிப்பு போய்விட்டது. தொடர்ந்து தோல்வி; பழைய குவார்ட்டர்பேக் மெர்லை உட்காரவைத்துப் புதியவனை இறக்கு என்று ஊரே கத்திக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை இவன இறக்கலாமா? அவன் மேல அடி விழாம காக்கப்போறவன் நீ. நீயே சொல்லு."

ஒரு வருஷம் உட்காரட்டும் என்பதுதான் சரியான பதில். அவசரமாக இறக்கப்பட்டு, அடிமேல் அடி வாங்கி, அப்புறம் ஆள் நெருங்கினாலே கண்ணை மூடிக்கொள்கிற பையன்களைக் காரிக் பார்த்திருக்கிறான். அவர்கள் திரும்ப நேராக எறிந்ததே இல்லை. எல்லாம் தெரிந்தும் நாக்கு வேறு சொன்னது.

"இறக்குங்க கோச். என்னதான் பண்றான்னு எனக்கே பாக்கணும்போல இருக்கு."

வெளியே வந்ததும் மனசு அடித்துக்கொண்டது. வேடிக்கை பார்க்க ஊரான் பிள்ளையின் எலும்பா கிடைத்தது!

ஞாயிற்றுக்கிழமை முதல் நகர்வை டோபின் திக்கித் திணறி முழுசாகச் சொல்லிவிட்டான். ஒரே ஒரு தப்பு. தடுக்க வேண்டிய பக்கம் வலது என்பதற்கு இடது என்றான். எதிரணியின் முரடன் வலப்பக்கம் நிற்பதைக் காரிக் பார்த்தான். மாற்றிச் சொல்ல நேரமில்லை, கடிகாரத்தில் நொடிகள் தீர்ந்துகொண்டிருந்தன. குவார்ட்டர்பேக் சொன்னது தப்பானாலும் அதன்படியே போக வேண்டும் என்பது அணியின் சட்டம். முன்வரிசையில் தடுக்கிற ஐந்து பேரும் சேர்ந்து தப்பாகத் திரும்பினால் அப்போதும் அது சுவர்தான், ஒருவன் மட்டும் சரியாகத் திரும்பினால் ஓட்டை. காரிக் பந்தைத் தந்துவிட்டு மற்ற நால்வரோடு இடப்பக்கம் திரும்பினான். வலப்பக்கம் முரடன் தடுப்பாரின்றி ஓடினான். முதுகுக்குப் பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது.

பையன் மல்லாந்து கிடந்தான். அசைவில்லை. காரிக் ஓடிப்போய் அவன் மேல் குனிந்தான்.

"தம்பி! டேய் தம்பி!"

தலைக்கவசக் கம்பியில் புல் சிக்கியிருந்தது. அதற்குப் பின்னால் கண்கள் அகலத் திறந்திருந்தன. அவை காரிக்கைப் பார்க்கவில்லை, அவன் தோளுக்கு அப்பால் எதையோ தேடின.

"எறிஞ்சுட்டுத்தான் விழுந்தேன். பிடிச்சானாண்ணே?"

பந்து போன திசையைக் காரிக் பார்க்கவே இல்லை. அரங்கமே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. பிடித்ததற்கா, இவன் விழுந்ததற்கா, தெரியவில்லை. டோபின் காரிக்கின் சட்டையைப் பற்றி, முழங்காலில் எழும்பி, ஆட்களின் முதுகுகளுக்கு இடையே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்.