பத்துக் கைக்காரி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. பொறாமை பிடித்த ஒருத்தியின் கதை சொல்கிறேன்; அவளைத் திட்டாமல் கேளுங்கள்.

வாய்க் காரத்தால் அவளுக்கு மிளகாய் என்று பெயர். விடியுமுன்பே டப்பா மூடி அடிக்கும் எந்திரத்தின் முன் நிற்பாள். தகட்டை வை, மிதியை அழுத்து, மூடியை எடு. எண்ணெய் நாற்றம் தொண்டையில், அதிர்வு இடுப்பு வரை. தலைக்கு மேலே, மணிக்கு எத்தனை கூடை மூடி என்று காட்டும் திரை: மூன்றாம் ஆலை 80, நான்காம் ஆலை 95. மூன்று இவர்களுடையது; நான்கு கடலுக்கு அப்பால். தாய்க் கம்பெனி ஒன்றே. அதைப் பெண்கள் மாமியார் என்பார்கள். நான்காம் ஆலை ஓரகத்தி.

"அவளுக்கு மட்டும் பத்துக் கையா?"

மிளகாய்க்கு வயிறு எரிந்தது. முகம் தெரியாதவளை நினைத்தே சோறு இறங்கவில்லை. கடைசியில், விரல் உள்ளே போகாமல் தடுக்கும் கம்பியைக் கயிற்றால் தூக்கிக் கட்டினாள். கை வேகம் கூடியது. பக்கத்து எந்திரத்தில் அவள் தங்கையும் கட்டினாள், பிறகு எல்லாரும். திரையில் 88. மூன்றாம் நாள் தங்கையின் சுட்டுவிரல் நுனி தகட்டோடு போயிற்று.

"கம்பிய இறக்கச் சொல்லுங்க சார்," என்றாள் மிளகாய்.

"இறக்கினா நம்பர் விழும். ஆர்டர் அங்க போயிடும்," என்றார் மேலாளர். "ஒரு ஃபேன் வாங்கவே நான் மேல கேக்கணும்மா."

"அட, நீங்களும் அந்த வீட்டு மருமகதானா!"

மறுநாள் நான்காம் ஆலையிலிருந்து மூடி அடிக்கும் அச்சு ஒன்று பெட்டியில் வந்தது. அச்சைச் சுற்றியிருந்த கசங்கிய தாளை மிளகாய் நீவினாள். அந்த ஆலையின் தினசரி அட்டவணை. எழுத்து புரியவில்லை, எண் புரிந்தது. ஆலை 3: 95. ஆலை 4: 78.

"போன மாசம் எட்டாந்தேதிடி! அன்னிக்கு நாம எம்பதுதானே? தொண்ணூத்தஞ்சுன்னு அவங்ககிட்டயும் பொய்யா!"

மூன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் ஒரு பெண்ணைக் கிறுக்கியிருந்தார்கள். கோபமாக, தாள் கிழியும்படி. அவளுக்குப் பத்துக் கை.

மிளகாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாவி, நீயும் என்னை நெனச்சுத்தான் வெந்தியா?"

எழுந்தாள். தன் கயிற்றை அறுத்தாள். கத்தரிக்கோல் கைமாறியது, வரிசை முழுக்கக் கம்பிகள் இறங்கின. திரை 71 காட்டியது. மேலாளர் அறையில் தொலைபேசி விடாமல் அலறியது.

"யார் ஆரம்பிச்சது?"

"கட்டினது நான். அறுத்தது நாங்க எல்லாரும்."

திரும்பிப் போகும் காலிப் பெட்டிக்குள் ஒரு தாளை ஒட்டினார்கள்: அந்த எட்டாந்தேதி, ஆலை 3: 80, கீழே கட்டுப்போட்ட ஒரு விரல், இறக்கிவிட்ட ஒரு கம்பி. அதைத் தங்கை இடக்கையால் வரைந்தாள்.

பெட்டி இன்னும் கடலில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கைகள் பத்து விரலோடும் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. அடுத்த வீட்டு அடுப்பும் கூடவே எரியட்டும்.