மேல்பல் இல்லாத பசு

பன்னிரண்டு வருடம் ஆகியும் பசுவின் வாயைப் பார்த்தால் பொன்னுத்தாய்க்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வரும்.

1955-இல் பழனிப் பூக்கடை வீட்டிலிருந்து மலைமேல் இருக்கும் கவுஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், குளிர் தாங்காமல் பத்தாம் நாளே மூட்டை கட்டிவிட்டாள். கிளம்புமுன் வீட்டுப் பசுவுக்குப் புல் நீட்டியபோதுதான் கவனித்தாள். மேலே முன்பல் ஒன்றுகூட இல்லை, வெறும் ஈறு.

“கெழட்டு மாட்டை ஒங்க தலையில கட்டிட்டானுங்களே!” என்று கணவர் ராமரிடம் கத்தினாள். அவர் தலையைச் சொறிந்தாரே தவிர வாய் திறக்கவில்லை. பல்லில்லாத ஜீவனை விட்டுப் போக மனம் வராமல் மூட்டையைப் பிரித்தாள். தினமும் புல்லைப் பொடியாக நறுக்கிக் கஞ்சியில் ஊறவைத்து ஊட்டினாள்.

மறுவருடம் அது ஈன்ற கன்றுக்குக் கீழ்வரிசை மட்டும்தான் இருந்தது. சந்தேகம் வந்து பக்கத்து வீட்டு மாட்டின் வாயைத் திறந்தாள். அங்கேயும் மேலே வெறும் ஈறு.

“மாட்டுக்கு மேல முன்பல்லே கெடையாதாங்க?”

“கெடையாது புள்ள.”

“அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

ராமர் கன்றைத் தடவிக்கொண்டே சொன்னார்: “சொல்லியிருந்தா நீ அன்னைக்கே பழனிக்கு எறங்கியிருப்பியே.”