நிறம் மாறிய கிணறு

மோட்டார் போட்டதும் குழாயில் முதலில் நுரை பொங்கியது, பின்னால் வந்த தண்ணீர் பீட்ரூட் வேகவைத்ததுபோல் சிவந்திருந்தது, மயிலாத்தாள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள், சாயப்பட்டறைகள் வந்த நாளிலிருந்து ஆற்றில் தினம் ஒரு நிறம் ஓடுவதைப் பார்த்தவள்தான், ஆனால் இது அவளுடைய கிணறு, அவளும் செத்துப்போன புருஷனும் பாறைக்கு வேட்டு வைத்துத் தோண்டியது, மகள் பூங்கொடி சின்ன வயசில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியது, அம்மா பாரு, அம்மா பாரு என்று கத்துகிறாள், அவள் கால்கள் உதைப்பது நீருக்கடியில் தெளிவாகத் தெரிகிறது, கண்ணைத் துடைத்துக்கொண்டால் அதே சிவப்பு.

அந்த வருஷம் பசு செத்த கன்று போட்டது, அடுத்த ஈற்றும் அப்படியே, பக்கத்துத் தோட்டத்தார் ஊரைவிட்டே போனார்கள், இவள் லாரித் தண்ணீரில் காலம் தள்ளினாள், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பூங்கொடி வளைகாப்புக் கட்டுச்சோத்து விருந்து முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு வருகிறேன் என்று போனில் பேசிக்கொண்டே போகிறாள், மயிலாத்தாளின் கண்ணில் அசையாத கன்றும் அதை நக்கி நக்கி எழுப்பப் பார்க்கும் பசுவும், வேண்டாங் கண்ணு, அங்கயே பெத்துக்கோ என்றுவிட்டாள், காரணம் சொல்ல வாய் வரவில்லை, பூங்கொடியும் நிறம் தெரியும் முன்னே அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தானே, பிள்ளைத்தாச்சியிடம் எப்படிச் சொல்வது. நான் உனக்கு பாரமாப் போயிட்டனாம்மா என்று கேட்ட பூங்கொடி அதன்பின் கூப்பிடவே இல்லை.

குழந்தை பிறந்த சேதி மருமகன் சொல்லித்தான் தெரிந்தது. பஸ் ஏறிப் போனாள், பெத்தவ செய்யறதையும் நாங்களே செஞ்சோமுங்க என்ற சம்பந்தியம்மாவைத் தாண்டி உள்ளே போனாள், பூங்கொடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், இவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள், உள்ளங்காலைப் பார்க்கிறாள், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்க்கிறாள், அடக்கமாட்டாமல் அழுகை வந்துவிட்டது, அழுகையோடு கிணறும் கன்றுகளும் வெளியே வந்துவிட்டன. பூங்கொடி மெல்லத் திரும்பினாள், அங்க ஒருத்தியா என்னம்மா பண்ணுவ, எங்கூடவே இருந்துக்கோ என்றாள், வாசற்படியில் நின்ற சம்பந்தியம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள், மாட்டை ஆரு பாக்கறது கண்ணு என்று மயிலாத்தாள் எழுந்துகொண்டாள், மாட்டை அவள் எப்போதோ விற்றாயிற்று.

வீடு சேர்ந்ததும் போன் வந்தது, பேரன் அழறான் கேளும்மா என்று அவன் பக்கம் போனை வைத்த பூங்கொடி அதை அணைக்க மறந்துவிட்டாள், அழுகை ஓய்ந்து தொட்டில் கயிறு கிறீச்சிடுகிறது, யாரோ சிரிக்கிறார்கள், சட்டியில் கடுகு பொரிகிறது, அவர்கள் சாப்பிட உட்கார்கிறார்கள், இவள் விளக்குக்கூடப் போடாமல், மூச்சுச் சத்தம் அங்கே கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு, கேட்டுக்கொண்டேயிருக்கிறாள்.