வீடு அம்மாவுக்கு

வக்கீல் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் எதுவும் இல்லை. மறுபடியும் முன்பக்கத்துக்கு வந்தார். ‘நான் குடியிருக்கும் இந்த வீடு அம்மாவுக்கு. இதில் யாரும் சண்டை போட வேண்டாம்.’ கீழே கையெழுத்து, தேதி, சாட்சிகள் இருவர். அவ்வளவுதான்.

“உயில் எழுதறவங்கள்ல ரெண்டு ரகம் உண்டும்மா. பக்கம் பக்கமா எழுதிக் குழப்பறவங்க ஒரு ரகம். ஒரே வரியில குழப்பறவங்க இன்னொரு ரகம். உங்க அப்பா ரெண்டாவது.”

சிரிக்கப் போன தம்பி, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த பழைய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. இன்னமும் யாராவது ‘உங்க அப்பா’ என்றால், அவர் அடுத்த அறையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது.

“இதுல அம்மாங்கறது யாரு?” என்றார் வக்கீல்.

“அக்காதான் சார். அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், கோபம் வந்தா தடியா. அவளை மட்டும் எப்பவும் அம்மா.”

“எல்லாரும்தான் எல்லாரையும் அம்மாங்கறோம். உள்ள வந்ததுலேருந்து நானே உங்க அக்காவை எத்தனை தடவை அப்படிக் கூப்பிட்டுட்டேன்! அவங்க எனக்கு அம்மாவா ஆயிடுவாங்களா? சரி, உங்க அம்மாவை உங்க அப்பா எப்படிக் கூப்பிடுவார்?”

பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவளும் அம்மாதான். அம்மாவைக் கேளு, அம்மா எங்கே, அம்மாவுக்குத் தலைவலி, சத்தம் போடாதீங்க.

வக்கீல் நிதானமாக விளக்கினார். தேதிப்படி பார்த்தால் உயில் எழுதும்போது அவர்களுடைய அம்மா உயிரோடு இல்லை. இல்லாதவருக்கு யாரும் வீடு எழுதமாட்டார்கள், அதனால் மகள்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் கடைசிக் காலத்தில் பெரியவருக்கு ஞாபகம் தப்பியதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. மனைவி இறந்ததையே மறந்துவிட்டு எழுதினார் என்று ஆனால், உயில் நிற்காது. வீடு இருவருக்கும் சரிபாதி.

“சாட்சிகள்ல ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டார். இன்னொருத்தர், மருந்துக்கடைக்காரர், எழுதிக் குடுத்துட்டார், பெரியவர் தெளிவாத்தான் இருந்தார்னு. ‘டாக்டர் எழுத்தைப் படிச்சுப் படிச்சு உன் கையெழுத்தும் கோணிப்போச்சு’ன்னு அவரையே கிண்டல் பண்ணினாராம். இனிமே உங்க பிரமாணப் பத்திரம் ஒண்ணுதான் பாக்கி. கூடவே இருந்தது நீங்க மட்டும்தானேம்மா.”

அவள் தலையை ஆட்டினாள். சரி என்பதற்கா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கா என்று யாரும் கேட்கவில்லை.

படியிறங்கும்போது தம்பி மெல்லச் சொன்னான். “சொல்லிடு அக்கா. நான் குறுக்க வரமாட்டேன். ஆனா உயில் செல்லாதுன்னு ஆயிடுச்சுன்னா, என் பாதியை நான் விட முடியாது. ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு அந்த ஒண்டுக் குடித்தனத்துல... உனக்குத் தெரியாததா?”

“தெரியும்டா.”

“வித்தாத்தான் பிரிக்க முடியும். அதான் சொல்றேன்.”

கடைசிப் படியில் நின்று அவளுடைய பையை வாங்கிக்கொண்டான்.

அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சுவரில் எழுத்துப் பலகை தொங்கும். வருபவர்கள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேலிருந்து கீழே வாசிப்பார்கள். மூன்று நான்கு வரிகள் தடங்கல் இல்லாமல் போகும். கடைசி வரிக்கு வந்ததும் சிலர் ஊகித்துச் சொல்வார்கள். தெரியாது என்று சொல்ல ஒரு வெட்கம். ஊகிப்பவரின் குரல் ஒரு இழை உயர்ந்துவிடும். அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

அந்த வாரம் முழுவதும் அவள் தன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படியில், குளியலறையில், கடைக் கதவைத் திறக்கும்போது. ‘அப்பா என்னை அம்மான்னுதான் கூப்பிடுவார்.’ உண்மைதான். ‘கடைசி வரைக்கும் அப்படித்தான்.’ இங்கே குரல் உயர்ந்தது.

ஏனென்றால் அப்பாவின் பேச்சில் மரியாதை வந்த நாள் அவளுக்கு நினைவிருக்கிறது. வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினாள். திறந்தவர் ஒதுங்கி நின்று, “வாங்க, உள்ள வாங்க” என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து, “வந்துட்டேங்க ஐயா” என்று சிரித்தபடி செருப்பைக் கழற்றினாள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலி மேலிருந்த துண்டை எடுத்துவிட்டு, “உட்காருங்க. அம்மா கடைக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா” என்றார்.

அவள் உட்கார்ந்தாள். தன் வீட்டில், தன் அப்பாவுக்கு முன்னால், விருந்தாளியைப்போல நாற்காலி நுனியில்.

மற்றதெல்லாம் அவருக்குச் சரியாகவே இருந்தது. நாளிதழ் படித்தார். மருந்துக்கடைக்காரரைக் கிண்டல் செய்தார். கிழமை தப்பாது. இரண்டு பேர்தான் இடம் மாறிப்போனார்கள். செத்துப்போனவள் கடைக்குப் போய்விட்டாள். கூட இருந்தவள் யாரோ ஆகிவிட்டாள். காய்கறிக்காரியைக்கூட வாய் நிறைய அம்மா என்று கூப்பிட்டவருக்கு, மகளைக் கூப்பிட மட்டும் அந்த வார்த்தை வரவில்லை. ‘ஏங்க, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?’ ‘உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?’ கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கூச்சத்தோடு விசாரிப்பார்: “உங்களுக்கு வீடு எங்க?”

“பக்கத்துலதான்” என்பாள்.

“இருட்டறதுக்குள்ள கிளம்புங்க. அம்மா வந்ததும் சொல்றேன்.”

“வந்துடுவாங்க, வந்துடுவாங்க” என்பாள் அவளும். தினமும் ஒரு பொய். அந்தப் பொய்யில் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

உயிலில் இருந்த தேதி அதற்குப் பிந்தியது.

பிரமாணப் பத்திரம் தயாராகிவிட்டது என்று வக்கீல் கூப்பிட்டனுப்பினார். தம்பியும் வந்திருந்தான். வக்கீல் வாசித்தார். “என் தகப்பனார் தமது இறுதி வரை என்னை அம்மா என்றே அழைத்து வந்தார் என்றும், மேற்படி உயிலில் அம்மா என்று குறிப்பிடப்பட்டிருப்பது என்னையே என்றும் சத்தியமாகக் கூறுகிறேன். இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா.”

பேனாவை வாங்கிக்கொண்டாள். எழுத்துகள் தெளிவாகவே தெரிந்தன.

“இறுதி வரைங்கறதை மட்டும் எடுத்துடலாமா சார்?”

“அதை எடுத்துட்டா மிச்சம் வெறும் தாள்தாம்மா.”

மின்விசிறி சுற்றியது. தாள் ஓரம் எழும்பி எழும்பிப் படிந்தது. வக்கீல் அவசரப்படுத்தவில்லை, துக்க வீட்டுக்காரர்களோடு பழகிப் பழகிக் காத்திருக்கப் பழகியவர். தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு கையெழுத்தில் கூரை மிஞ்சும். அவளுக்கு அது தெரியும். முற்றத்துக் குழாய், அவளே சுண்ணாம்பு பூசிய சுவர், அப்பா பிடித்துப் பிடித்து நடந்து கறுத்துப்போன கதவு நிலை. எல்லாம்.

பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

“அது நான் இல்ல சார். அம்மாவைத்தான் எழுதியிருக்கார்.”

“அக்கா!” என்றான் தம்பி. “உனக்கென்ன பைத்தியமா? இத்தனை வருஷம் நீ பார்த்துக்கிட்டதுக்கு...”

“அவர் இருந்தப்ப அவருக்காகத் தினம் பொய் சொன்னேன்டா. இது எனக்காகச் சொல்ற பொய். வாய் வரல.”

“அப்ப கடைசியில உன்னை எப்படித்தான் கூப்பிட்டார்?”

அவள் தாளை வக்கீல் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்கன்னு.”

தம்பி புரியாமல் பார்த்தான். “நீங்கன்னா?”

“வாங்க, போங்க, உட்காருங்க. அப்படி.”

அவன் முகம் மெல்ல உடைந்தது. எழுந்து ஜன்னலருகே போய்த் திரும்பி நின்றான். தோள்கள் குலுங்கின. வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது என்பதை அவள் தொழில் கண் கவனித்தது.

“ஃபோன்லகூடச் சொல்லலையே அக்கா” என்றான் அவன், திரும்பாமலே.

“எப்படிடா சொல்றது?”

அவன் தன் பாதியை விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரே அறையில் வளரும் அந்த இரண்டு பெண்களை அவளுக்கும் தெரியும்.

தரகர் வந்த அன்று அவள் வீட்டைப் பெருக்கி வைத்திருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள். “வாங்க, உள்ள வாங்க” என்று ஒதுங்கி நின்றாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. நாற்காலி மேலிருந்த துண்டை எடுத்தாள்.

தரகர் உட்காரவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், கதவு நிலையின் கறுப்பை விரலால் சுரண்டினார்.

“இது துடைச்சாப் போயிடும். நல்ல விலைக்குப் போற வீடும்மா” என்றார். பிறகு பேச்சுக்குக் கேட்பதுபோல், “அப்புறம் உங்களுக்கு வீடு எங்க?”

அவள் துண்டை மடித்தாள். மறுபடியும் பிரித்து மடித்தாள்.

“பக்கத்துலதான்” என்றாள்.