பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதியது

1.

நாற்பத்தொரு நாளாக எங்கள் ஊர்ப் பம்பு நிற்கவில்லை. கூட்டத்தில் நான் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் இருக்கிறது. வாய் வரவில்லை. எழுதிப் பார்த்தால் வருமா என்று பார்க்கிறேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

முதல் தொடக்கம்: "குவானாஹுவாத்தோ மாநிலத்தின் வடக்கில் நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுதோறும்..."

இது அறிக்கை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர்..."

இதையும் அடித்துவிட்டேன். காரணம் வேறு.

2.

ஆகவே வெள்ளை வேனிலிருந்து தொடங்குகிறேன். தலைநகரிலிருந்து இரண்டு பேர் அதில் வந்தார்கள். பம்புக்கு அரசு தரும் மின்சார மானியத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் விவசாயிக்கு நேரடியாகப் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்று மதிப்பிட வந்தவர்கள். நல்லவர்கள். எங்கள் வீட்டுச் சோள ரொட்டியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எல்லா வீட்டிலும் ஒரு கேள்வியை மட்டும் இரண்டு முறை கேட்டார்கள்: இந்த வருடம் எத்தனை யூனிட் ஓட்டினீர்கள்?

வேன் போனதும், ஆழ்துளைக் கிணற்றில் பங்குள்ள எட்டு வீட்டாரும் பம்பு கொட்டகையில் கூடினார்கள்.

"யூனிட்டை ஏன் கேக்குறான்?" என்றார் நபோர் பெரியப்பா. கிணற்றுச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். "எவன் எவ்வளவு ஓட்டினானோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் நாளைக்குப் பணம் போடுவான்."

"அப்படின்னு சொன்னானா?" என்றார் பக்கத்து நிலத்து எலாதியோ.

"சொல்லுவானா? அரசாங்கம் என்னைக்குய்யா வாயத் தொறந்து சொல்லிச்சு? நாமதான் புரிஞ்சுக்கணும்."

அன்று மாலையே பம்பைப் போட்டார்கள்.

3.

முறைத் தண்ணீருக்காக இங்கே மண்டை உடைந்திருக்கிறது. இப்போது முறை வந்தால் ஆள் ஒளிகிறான்.

"எலாதியோ! உன் முறை! வந்து திருப்பிக்க!"

"என் ப்ரோக்கோலியெல்லாம் நீச்சல் பழகுதுய்யா! உன் மாமியா வீட்டுப் பக்கம் விடு!"

"வேண்டாம்ப்பா, அந்தம்மா மெதந்து இங்கயே வந்துடும்!"

சிரித்தார்கள். வயலில் வேர் அழுகும் நாற்றம் அடித்தது. மீதித் தண்ணீர் தரிசில் ஓடி ஓடையில் விழுந்தது.

(ஒரு பக்கக் குறிப்பு. மானியம் போன பிறகு பம்பு குறைவாக ஓடும். வேனில் வந்தவர்கள் அதை இந்த வருடத்தோடு அட்டவணை போட்டு ஒப்பிடுவார்கள். இன்று நாங்கள் தரிசில் கொட்டும் ஒவ்வொரு வாளியும் அந்த அட்டவணையில் சேமித்த தண்ணீராகத் தெரியும். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இருக்காது. எனக்கு அந்த அட்டவணையை நினைத்தாலே பயம்.)

4.

ஒத்தீலியா அண்ணியை முதலில் கதையில் சேர்க்கவில்லை. அண்ணன் எல்லை தாண்டி வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் அண்ணி, நான், அவளுடைய ஐந்து மாதக் குழந்தை. தாய்ப்பால் போதவில்லை, பால்மாவு கரைத்துக் கொடுக்கிறாள். கரைப்பது இந்தக் கிணற்றுத் தண்ணீரில்.

குழந்தையைக் காட்டி வாசகரைப் பயமுறுத்துவது மலிவான உத்தி என்று நினைத்தேன். ஆனால் இந்தக் குழந்தை என் கற்பனை இல்லை. பக்கத்து அறையில் புட்டியை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது.

நான் நிலவியல் படித்தவள். மேல்நீர் தீர்ந்தால் பம்பு அடிநீரை இழுக்கும். அது எத்தனையோ ஆயிரம் வருடம் பூமியின் அடிச்சூட்டில், பாறைக்குள் கிடந்த நீர். எங்கள் பக்கத்துப் பாறையில் ஆர்சனிக் என்ற நஞ்சு உண்டு. அது நீரில் கரையும். நிறம் மாறாது, ருசி மாறாது, கொதிக்க வைத்தாலும் போகாது. ஆனால் அடிநீர் வந்துவிட்டதைக் காட்ட ஓர் அடையாளம் இருக்கிறது.

[அது என்னவென்று இங்கே எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். எழுதினால் உண்மையாகிவிடும் போலிருந்தது.]

திங்கட்கிழமை டவுனிலிருந்து ஒரு கேன் தண்ணீர் வாங்கி வந்தேன்.

"எதுக்குடி கேன் தண்ணி? நம்ம கிணத்துக்கு என்ன கேடு?"

"சும்மாதான் அண்ணி. பாப்பாவுக்கு."

"பாப்பா என்ன மேயர் வீட்டுப் புள்ளையா? உங்க அண்ணன் இந்தத் தண்ணியக் குடிச்சுத்தானே மாடு மாதிரி வளந்துச்சு!"

கேனைத் துடைத்து, விருந்தாளிகளுக்கு என்று எடுத்து வைத்துவிட்டாள். அண்ணியிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. பம்பு நின்றால் எட்டு வீட்டுப் பணமும் என்னால் போனதாக ஆகும்.

5.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

மோட்டார் எரிந்து பம்பு தானாக நிற்கிறது. யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

வேன் திரும்பி வந்து, யூனிட்டுக்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை என்கிறது. வேன் வரவில்லை.

எலாதியோ சொல்லிவிடுகிறார். இதை நம்பித்தான் இரண்டு நாள் இருந்தேன். அவருக்குத் தெரியும். பம்பு கொட்டகைத் தொட்டியில் கை கழுவப் போனவர் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வெயிலு," என்றார்.

"ஆமாங்க," என்றேன்.

வானம் மூடிக் கிடந்தது.

6.

இன்று பூசை முடிந்து கொட்டகையில் கூட்டம். பெரியப்பா மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினார்.

"இன்னும் ரெண்டு மாசம் தம் பிடிச்சா வருசக் கணக்கு முடிஞ்சிரும். யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?"

எலாதியோ தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினார்.

குழந்தை அழத் தொடங்கியது. அண்ணி பையிலிருந்து புட்டியை எடுத்து மாவைப் போட்டுக்கொண்டு, தொட்டிக் குழாய்ப் பக்கம் போனாள்.

[இந்த இடத்தில் பேனாவை மூன்று முறை கீழே வைத்தேன்.]

"பெரியப்பா," என்றேன்.

"யாரு, எல்வியா? அடேயப்பா, இந்தப் புள்ளைக்குப் பேச வருமா! சத்தமா சொல்லும்மா, கேக்கல."

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணியும், குழாயில் கை வைத்தபடி.

அவர்கள் பம்பை நிறுத்தினார்களா, என்னைத் திட்டினார்களா, வெயில் என்றார்களா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னால் முடிந்தது ஒரு வாக்கியம். அதை இரண்டாவது முறை, கத்தித்தான் சொன்னேன்:

"தண்ணி சுடுது, பெரியப்பா."