ஹைதர் போட்ட பூட்டு

ஜெலுத்தோங்கில் இருக்கும் அந்த ரொட்டித் தொழிற்சாலையின் ஓவன், இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். ஒரு முனையில் மாவுத் தட்டுகள் கம்பிவலைப் பட்டையில் ஏறும். நெருப்புக்கு நடுவே மெல்ல நகர்ந்து மறுமுனையில் பன்னாக வெளியே வரும். அந்தப் பட்டை எங்காவது சிக்கிக்கொண்டால் ஓவனை அணைத்து, ஆறவிட்டு, யாராவது ஒருவர் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே தவழ்ந்து போகவேண்டும். பெரும்பாலும் போகிறவர் ஹைதர்.

போகும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். அவர் வெளியே வந்து திறக்கும்வரை யாராலும் ஓவனைப் போட முடியாது. எத்தனை அவசரமானாலும் இதை மட்டும் அவர் விட்டதில்லை.

அந்தத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த இர்வான், ஹைதரின் மனைவி ருக்கையாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. டிப்ளமா முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவனை அங்கே சேர்த்துவிட்டதே ஹைதர்தான்.

நோன்புக்கு முந்தின வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பட்டை சிக்கியது. ஹைதர் பூட்டைப் போட்டுவிட்டு உள்ளே போனார். வேலை முடிவதற்குள் ஜும்ஆ தொழுகை நேரம் வந்துவிட்டது. பூட்டை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். மற்றவர்கள் வருவதற்கு முன்பே திரும்பி வந்து, மறுபடி உள்ளே நுழைந்தார்.

தொழுகை முடிந்து இர்வான் திரும்பி வந்தபோது மானேஜர் சுகுமாரனிடமிருந்து போன் வந்தது. புளிக்கவைத்திருந்த மாவு பொங்கிச் சரிய ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஏன் ஓவன் ஓடவில்லை என்று கத்தினார். சுவிட்சில் பூட்டு தொங்கியது. ஹைதரைக் காணவில்லை. போனைப் போட்டால் எடுக்கவில்லை. போன வாரம்தான் இன்னொரு ஆள் பூட்டை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், ஒரு ஷிப்ட் முழுக்க வீணாகியிருந்தது. மச்சானும் பள்ளியிலிருந்து சாப்பிடப் போயிருப்பார் என்று இர்வான் நினைத்தான். மற்ற மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே ஓவன் வாயில் குனிந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. ஸ்டோரிலிருந்து பெரிய கட்டரை எடுத்துவந்து பூட்டை வெட்டினான்.

மறுமுனையில் பன் அடுக்கும் நூருல்தான் முதலில் பார்த்தாள். பட்டையோடு ஒரு கை வந்தது. அவள் அலறிக்கொண்டே சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் ருக்கையாவை ஒரு தடவைதான் உள்ளே விட்டார்கள். கட்டுகளுக்கு நடுவே ஹைதரின் முகத்தில் பாதிதான் தெரிந்தது. உதடு வீங்கியிருந்தாலும் பேசினார்.

"நான் பூட்டுப் போட்டுட்டுத்தான் போனேன், ருக்கையா."

"பேசாதீங்க."

"பூட்டு இருந்துச்சு. எப்படி ஓடுச்சுன்னு தெரியல. இர்வான்கிட்ட கேளு."

இர்வான் அவளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோது, அழுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். முதல் நோன்புக்கு முன்பே ஹைதர் மௌத்தாகிவிட்டார்.

கணவன் இறந்தபின் இருக்கவேண்டிய இத்தாவில் இருந்த ருக்கையா சுங்கை பினாங் பிளாட்டை விட்டு வெளியே போகவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மூலமாகத்தான் வெளிப்பேச்சு உள்ளே வந்தது. "பூட்டுப் போட மறந்துட்டாராமே? பாவம், வயசாக ஆக கவனம் கொறையுது" என்றாள் பக்கத்து வீட்டு அம்மா. ருக்கையா அன்று நோன்பு திறந்தபின் தம்பியைக் கூப்பிட்டனுப்பினாள்.

"பூட்டுப் போடலன்னு யாருடா சொன்னது?"

இர்வான் சமையல்கட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் வெட்டினேன்க்கா. அவர் உள்ள இருக்காருன்னு தெரியாதுக்கா. அல்லா மேல சத்தியம். கூப்பிட்டேன்."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"சுகுமாரன் சார் சொல்றாரு, பூட்டே இல்லன்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டா போச்சுன்னு. நான் சரின்னுட்டேன்."

"அவர் மேல பழியப் போட்டுட்டு?"

"மச்சான் போயிட்டாருக்கா. அவருக்கு இனிமே என்னாகப் போகுது? நான் ஜெயிலுக்குப் போயிட்டா லைலாவும் புள்ளைங்களும் என்ன பண்ணுவாங்க? உம்மா என்ன பண்ணும்? சொல்லுக்கா."

அவன் குழந்தையாக இருந்தபோது இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். காய்ச்சல் வந்தால் உம்மாவிடம் போகமாட்டான், அவளிடம்தான் வருவான். "போ" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சில நாள், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்போது தோன்றும். நோன்பு திறக்கும்போது, சொன்னால் மட்டும் அவர் வந்துவிடுவாரா என்று தோன்றும். ஒருநாள் மகள் அமீரா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"உம்மா, வாப்பா மேலதான் தப்பாம்ல? ஸ்கூல்ல சொல்றாங்க."

ருக்கையா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

தொழிற்சாலைப் பாதுகாப்பு இலாகாவிலிருந்து ஐனா என்ற அதிகாரி விசாரிக்க வீட்டுக்கே வந்தார். வீட்டு ஆம்பளை என்று இர்வான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஐனா மலாயில் மெதுவாகக் கேட்டார், அவர் கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று.

இர்வான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொன்னாரு," என்றாள் ருக்கையா. "பூட்டுப் போட்டிருந்தாரு. வெட்டினது என் தம்பி."

ஐனா இர்வானைப் பார்த்தார். அவன் மறுக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "ஆமா" என்றான். பிறகு அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னான், மானேஜரின் போனையும் சேர்த்து.

அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வழக்கு வரும் என்றார்கள். சீக்கிரம் ஓட்டு என்றுதான் சொன்னேன், பூட்டை வெட்டச் சொல்லவில்லை என்றார் சுகுமாரன். அது உண்மையும்கூட. அவரை நிபோங் திபாலில் இருக்கும் கிளைக்கு மாற்றினார்கள். ஓவனைக் கழுவி, பட்டையை மாற்றி, நோன்பு முடிவதற்குள் மறுபடி ஓட்டினார்கள்.

ருக்கையாவின் உம்மா போனில் ஒரே ஒரு தடவை பேசினார். "ஒருத்தனைப் பறிகொடுத்தது போதாதாடி உனக்கு?" அதன்பிறகு ருக்கையா கூப்பிட்டால் எடுப்பதில்லை.

பெருநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. அமீரா திறந்தாள். புதுத்துணியில் இர்வானின் பிள்ளைகள் இரண்டும் நின்றன, பின்னால் அவன் மனைவி லைலா. இர்வான் கொஞ்சம் தள்ளி, நடைபாதைக் கம்பியோரம் நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"உம்மா வரலயா?" என்றாள் ருக்கையா.

"வரமாட்டேன்னுட்டாங்க மைனி," என்றாள் லைலா.

இர்வான் இரண்டடி முன்னால் வந்து கையை நீட்டினான். "மாஆஃப் ஜாஹிர் பாத்தின், அக்கா." பெருநாளன்று எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற மன்னிப்புதான்.

ருக்கையா அந்தக் கையைப் பார்த்தாள். பற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. கை எழவில்லை.

"புள்ளைங்க பசியா இருக்கும். உள்ள வரச்சொல்லு," என்று லைலாவிடம் சொன்னாள்.

பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து ஓலையில் வெந்த கெத்துப்பாட் சோறும் ரெண்டாங் கறியும் சாப்பிட்டார்கள். லைலா ஒரு வாய்கூட எடுக்கவில்லை. அமீரா வாசலையும் உம்மாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மாமாவுக்கு?"

ருக்கையா ஒரு தட்டில் வைத்து அவளிடம் கொடுத்தாள். அமீரா அதை வெளியே கொண்டுபோனாள். இர்வான் தட்டைக் கையில் வாங்கி நின்றபடியே இருந்தான். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின், சாப்பாட்டைத் தொடாமல் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.