ஒரே ஆள் போதும்

சாப்பாட்டு மேசையில் மூன்று படங்களைப் பரப்பி, காற்றில் பறக்காமலிருக்க ஒன்றின் மேல் ஊறுகாய் பாட்டிலையும் இன்னொன்றின் மேல் மைலோ டின்னையும் வைத்துவிட்டு, திருநாவுக்கரசு மனைவியைக் கூப்பிட்டார். வள்ளிநாயகி நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். கருகினால் கருகட்டும் என்று விட்டுவிட்டு ஓடிவருகிற ஆள் இல்லை அவள். அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அவள் வந்து நிற்பதற்குள் அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அவருடைய பாய்மரப் படகின் பெரிய பாயைச் சுருட்டி வைக்க மூன்று வழிகள். முதல் படத்தில் பாய், செங்குத்தாக நிற்கும் மரத்துக்குள்ளேயே போய்ச் சுருண்டுகொள்ளும். இரண்டாவதில், பாயின் அடியில் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைக்குள் சுருளும். மூன்றாவது சாதாரணம். இப்போது செய்கிற மாதிரியே பாயை அவிழ்த்துக் கீழே இறக்க வேண்டியதுதான். விழுகிற துணி கண்டபடி சரியாமல் இரண்டு பக்கமும் கட்டிய கயிறுகள் தாங்கிக்கொள்ளும்; அந்தக் கயிறுகள் மட்டும் இவர்கள் படகில் இல்லை. அந்த மூன்றாவது படத்தைத்தான் மைலோ டின் பாதி மறைத்திருந்தது.

“இந்த மொதப் படத்தப் பாரு வள்ளி. உக்காந்த எடத்துலருந்தே கயித்த இழுத்தா பாய் உள்ள போயிரும். எந்திரிக்கவே வேணாம். செனாங்லா, ரொம்பச் சுலபம்! ஒரே ஆள் போதும்னு போட்டிருக்கான்.”

“ஒரே ஆளா?”

“ஆமா. இனிமே நீ கஷ்டப்பட வேணாம். நீலா வீட்டுல, மககூட நிம்மதியா இரு. நான் லங்காவித் தீவு வரைக்கும் போயிட்டு மூணு மாசத்துல வந்துர்றேன்.”

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். நெத்திலி பொறுமையாகத்தான் இருந்தது. அவள்தான் அடுப்பைப் பற்றவைக்க மறந்து, கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதிலிருந்து மருந்து கொடுப்பதுவரை பார்க்கும் டிரஸர் திருநாவுக்கரசு. அடுத்த மாதம் ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் படகிலேயே கொஞ்ச நாள் சுற்றுவது என்பதுதான் பேச்சு. படகு, பழைய வெள்ளைக்கார மேனேஜருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட்டிக்சன் படகு கிளப்பில் துணைக்குக் கயிறு பிடிக்க டிரஸரைத்தான் அழைத்துப்போவார். ஊருக்குத் திரும்பும்போது போகிற போக்கில் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஒரு டிரஸருக்குப் பாய்மரப் படகு எதற்கு என்று புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. முதலில் சிரித்தவள் வள்ளிநாயகியேதான்.

படகு வந்த நாளிலிருந்து அவள் புலம்பாத வாரமில்லை. உப்புத் தண்ணீர், வெயில், குமட்டல், முதுகுவலி. தோட்டத்திலிருந்து சேலையில் கிளம்பி, கிளப் கழிவறையில் மகளின் பழைய டிராக் சூட்டுக்கு மாறுகிறபோது ஒரு புலம்பல். திரும்பிச் சேலைக்கு மாறுகிறபோது ஒன்று. செரம்பானில் இருக்கும் நீலாவதிக்குப் போன் போட்டு, “ஒங்கப்பா என்னைக் கடல்ல தள்ளிட்டுத்தான் ஓய்வாரு” என்பாள். மகளும் அதை நிஜமென்று நம்பி, “அம்மா பாவம்பா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். படித்த பிள்ளை, இதுகூடப் புரியவில்லை.

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. பாயை இறக்குகிற நேரம் வந்ததும் அவர் எழுந்து மரத்தடிக்குப் போவார். சுக்கான் கட்டை அவள் கைக்கு வரும். படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, பாயில் காற்றின் பிடி விட்டுப்போகும்வரை அப்படியே அசையாமல் வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் பாய் மறுபடி காற்றைப் பிடித்து அவரைத் தட்டிவிடும். அந்தச் சில நிமிடம் அத்தனை பெரிய படகு அவள் உள்ளங்கையில் மூச்சுவிடும். முப்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் உத்தரவு போட்ட மனிதர், அங்கே நின்றுகொண்டு, “சரியா இருக்கா வள்ளி?” என்று அவளைக் கேட்பார். அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. புலம்பிப் புலம்பித் தன் வாயாலேயே அதைக் கெடுத்துக்கொண்டோமே என்று நினைக்க அழுகையாக வந்தது.

சனிக்கிழமை, மரத்துக்குள் சுருளும் பாயைக் காட்டுவதற்கு கோலாலம்பூர் படகுச் சாமான் கடைக்காரர் லியோங் தன்னுடைய படகையே கொண்டுவந்திருந்தார். வள்ளிநாயகி மாப்பிள்ளை பார்க்கப் போகிற தோரணையில் போனாள். இவ்வளவு குண்டாக இருக்கிறதே மரம், படகு தலைகனத்து ஆடாதா? நடுவழியில் துணி மடிந்து உள்ளேயே சிக்கிக்கொண்டால் யார் போய் எடுப்பது? லியோங் மலாயில் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். ஒழுங்காகச் சுருட்டினால் சிக்காதாம். ஒழுங்காக நடந்தால் யார்தான் விழுவார்கள் என்று அவள் கேட்டாள்.

“அப்படின்னா கட்டைக்குள்ள சுருள்ற ரெண்டாவத எடுத்துக்குவோம்லா,” என்றார் திருநாவுக்கரசு, அவளுக்காக எதையும் விட்டுக்கொடுக்கிறவர் மாதிரி. அதற்கும் ஒரே ஆள் போதும். இவர் தன்னை விட்டுவிட்டுப் போவதற்காகவே இத்தனை அக்கறையாக ஓடியாடுகிறாரே என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் அவர்களுடைய சொந்தப் படகில் போனார்கள். நல்ல காற்று. தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம்வரை போய்த் திரும்பினார்கள். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை புலம்பவில்லை. உடம்புக்கு என்ன என்று அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிற்பகலில் சுமத்ரா பக்கம் வானம் லேசாகக் கறுத்தது. கிளப் படகுத்துறையான ஜெட்டி கண்ணுக்குத் தெரிந்ததும் சுக்கானை அவளிடம் கொடுத்துவிட்டு ஓரக் கம்பியைப் பிடித்தபடி மரத்தடிக்குப் போனார்.

“கடைசிக் கஷ்டம் வள்ளி! திருப்பு!”

அவள் திருப்பவில்லை. பாய் புடைத்துக்கொண்டே இருந்தது. ஜெட்டி பக்கவாட்டில் வந்து, மெதுவாகப் பின்னால் போகத் தொடங்கியது.

“காதுல விழலியா? திருப்பு!”

“மாட்டேன்.”

“என்ன?”

“மாட்டேன்னேன். அந்தச் சாமான் வேணாம்னு சொல்லுங்க, திருப்பறேன்.”

“ஒனக்காகத்தான பாக்கறேன்! வாராவாரம் பொலம்பறது யாரு?”

“பொலம்பினேன்லா. வரலைன்னு ஒருநாளாச்சும் சொன்னேனா?”

அவர் பாயின் கயிற்றைக் கையில் பிடித்தபடி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். உட்காரும்போது இடது காலை மடக்காமல் நீட்டிக்கொண்டதை அவள் அப்போதுதான் கவனித்தாள். கிளப்பிலிருந்து யாரோ இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள்.

“ஒனக்காக இல்ல,” என்றார் கடைசியில். “என் முட்டி. போன மாசம் இதே எடத்துல வழுக்கிருச்சு. நீ பாக்கல. விழுந்திருந்தா நீ தனியா என்ன செஞ்சிருப்பேன்னு ராத்திரில தூக்கம் வரல. அதான் ஒன்னை வீட்டுல வெச்சுட்டு...”

ஊரார் முட்டிக்கெல்லாம் கட்டுப் போட்டவர், தன் முட்டியை வீட்டில் காட்டவில்லை. அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. நல்லவேளை, தன்னை விட்டுவிட்டுப் போக ஆசைப்பட்டவர் இல்லை, பயந்துபோனவர்தான் என்று மனசு லேசாகிவிட்டது.

“இங்க வந்து உக்காருங்க,” என்றாள். “நான் அங்க போறேன்.”

“நீயா? ஒனக்கு அது...”

“பத்து வருஷமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். வாங்கன்னா வாங்க.”

அவர் தவழாத குறையாகப் பின்னால் வந்து சுக்கானை வாங்கிக்கொண்டார். அவள் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னே போனாள். மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றபின், திரும்பிப் பார்த்து, “சரியா வெச்சிருக்கீங்களா?” என்று அதட்டினாள். படகு மூக்கைத் திருப்பியது. காற்று நேராக அவள் முகத்தில் அடித்தது. தலைக்குமேல் பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, அவள் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

அவள் நினைத்ததைவிட வேகமாகவும், நினைத்ததைவிட அதிகமாகவும் வந்தது. பாய் முழுக்க அவள் தலைமேல் சரிந்து அவளை மூடிவிட்டது. உள்ளே வெள்ளை வெளிச்சமும் உப்பு வாசனையும் வெயிலில் காய்ந்த துணியின் சூடும். சுக்கானிலிருந்து அவர் பதறிக் கூப்பிடுவது எங்கோ தூரத்தில் கேட்டது.

“வள்ளி! வள்ளி! இருக்கியா?”

இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. துணிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, அவர் இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள்.